மேடில்லாத ஊரில் சைக்கிள் மிதிப்பது

மன்னார்குடி,
மார்கழி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே நலம். பொங்கல் விடுமுறையில் உன் தோழிகள் இருவருடன் புது சைக்கிள்களை எடுத்துக்கொண்டு வரப்போவதாகவும், "மேடே இல்லாத ஊர்தானே, ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிடலாம்" என்று நீ சொன்னதாகவும் அம்மா சொன்னாள். தொலைபேசியில் வழி சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். பணிக்காலம் முழுவதும் மதகுகளையும் ஷட்டர்களையும் பார்த்துக்கொண்டு ஆற்றங்கரைகளில் சைக்கிளிலேயே அலைந்தவன் என்ற முறையில், இந்த ஒரு விஷயத்திலாவது நான் சொல்வதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சமவெளி என்றால் சுலபம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. மலைப்பாதையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்பாய். இறங்கும்போது காலுக்குத் தானாக ஓய்வு கிடைத்துவிடும். கல்லணையில் பிரிகிற தண்ணீர் கடல்வரை தானாக வடிந்து போவதற்கு எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே உள்ள நம் மண்ணில், பாலங்களைத் தவிர ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே குனிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கால் வலிப்பதற்கு முன்பே உள்ளங்கை மரத்துப்போகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பாலம் வரும்போதும், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுந்து நின்று மிதித்துக் கடந்து, ஹேண்டிலில் கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொள்.

நம் ஊரின் மேடு காற்றுதான். சைக்கிள் வேகமாகப் போகப் போக, மிதிப்பவரின் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். எதிர்காற்று என்றால் கேட்கவே வேண்டாம், மறைப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லாத வயல்வெளியில் அது நேராக நெஞ்சில் வந்து மோதும். தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். விடியற்காலையில் அது தணிந்திருக்கும். வெயில் ஏறியபின் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் பிடித்துத் தள்ளும். எனவே காலையில் வடக்கும் கிழக்குமாகப் போய், மதியத்துக்குள் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தென்மேற்காகத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். இதே பயணத்தை ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டிருந்தால், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக்காகத் திசையை அப்படியே திருப்பிச் சொல்லியிருப்பேன்.

வழியைப் பற்றி. தஞ்சாவூர் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். பேருந்துக்காரர்கள் உன்னைப் பார்த்து வேகம் குறைப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நம் பகுதியில் பல ஆறுகளுக்கு இரண்டு கரையிலும் பாதை உண்டு. ஒரு கரை ஊர்களை இணைக்கும் தார்ச்சாலையாகிப் பேருந்து ஓடத் தொடங்கியிருக்கும். மற்றக் கரையோ கரையைப் பார்வையிட ஜீப் போவதற்கென்று போடப்பட்டு, பின்னால் தார் பூசப்பட்டு, பன்னிரண்டு அடி அகலத்தில் அப்படியே கிடக்கும். பேருந்து போகாத அந்தக் கரையைத்தான் நீ பிடிக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள வரைபடம் அந்தப் பாதையைக் காட்டாவிட்டாலும் கவலைப்படாதே. ஆற்றை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு போனால் வழி தவறாது, திரும்ப வேண்டுமானால் அடுத்த பாலத்தில் கடந்து எதிர்க்கரையில் வந்துவிடலாம்.

முதல் நாள் பாமணியாற்றங்கரையாக நீடாமங்கலம் போங்கள். அதை ஒட்டி மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என மூன்றாகத் தண்ணீர் பிரியும் அந்த இடத்தை, சிறு வயதில் என் கேரியரில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாய், நினைவிருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும் என்பதால், பொங்கல் சமயத்தில் வந்தால் ஆற்றில் ஓட்டம் இருக்க வாய்ப்புண்டு. அங்கிருந்து வெண்ணாற்றை ஒட்டிக் கொரடாச்சேரிப் பக்கமாகத் திருவாரூர் சென்று, கோயில் ஐந்து வேலி குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வார்களே, அந்தக் கமலாலயக் குளக்கரையில் இளைப்பாறிவிட்டு, வாடை முதுகில் தள்ள மன்னார்குடிக்குத் திரும்பலாம். சுற்று மொத்தம் 70, 80 கிலோமீட்டர் வரும். உன் 100-ஐ அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் வடுவூர் ஏரி போதும். போக வர 30 கிலோமீட்டர்கூட இருக்காது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஏரி அது. அந்த மாதத்தில் வலசைப் பறவைகளும் இருக்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நீங்கள் வரும் நேரம் சம்பா அறுவடை தொடங்கும் நேரம். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள் என்பதால், களம் இல்லாதவர்கள் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காய வைப்பார்கள். ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கருங்கல்லோ செங்கல்லோ வரிசையாக வைத்திருப்பார்கள். அந்த நெல்லின்மீது ஏற்றிவிடாதே. அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பது ஒரு காரணம். சாலையில் சிதறிய நெல்மணிகள் உன் மெல்லிய டயருக்கு அடியில் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள் போல உருண்டு, பிரேக் பிடித்த மறுகணமே உன்னைக் கீழே தள்ளிவிடும் என்பது இன்னொரு காரணம். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் களிமண் கட்டிகள் கிடக்கும்; காலைப் பனியில் நனைந்திருந்தால் அவையும் வழுக்கும். வைக்கோல் இதைவிடத் தொல்லை. ஒரு பிரி வைக்கோல் பின்சக்கரத்தில் மாட்டினால், செயினை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சிறு பற்சக்கரங்களில் போய்ச் சுற்றிக்கொள்ளும்; அதைக் கவனிக்காமல் பலமாக மிதித்தால் கியர் அமைப்பே வளைந்துவிடும். சரசரவென்று சத்தம் கேட்டதும் நிறுத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே வைக்கோலைக் கையால் உருவி எடு.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள் சாலையைக் கடக்கும்போது மணி அடித்துப் பயனில்லை. இறங்கி நின்று பார், அதற்காகவும்தானே வருகிறாய்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சைக்கிள் ஃபிரேமில் இடமிருந்தால் 32 போடு. காற்றைக் கல்போல அடைக்காதே. கரையோரமெங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கும் என்பதால் பஞ்சர் நிச்சயம் என்றே வைத்துக்கொள். டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒடிந்த முள்முனை உள்ளேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். கிராமத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அங்கே இருப்பது என் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்துக்கானது. அதன் ரிம் 635 மில்லிமீட்டர், உன்னுடையது 622. அங்கே உள்ள பம்பு வால்டியூப் வைத்த வால்வுக்குத்தான் பொருந்தும். உன் ஊசி வால்வுக்கு ஒரு சிறு பித்தளை அடாப்டர் வேண்டும், ஆளுக்கு ஒன்று வாங்கி வாருங்கள்.

ஆறு மணிக்கே கிளம்பினாலும் தை மாதத்தில் சூரியன் எழ 6.40 மணியளவாகிவிடும், பனிமூட்டமும் இருக்கும். கிழக்கு நோக்கிப் போகும்போது வெயில் உன் கண்ணில் மட்டும் அடிப்பதில்லை, உனக்குப் பின்னால் வருகிற டிராக்டர்காரனின் கண்ணிலும் அடிக்கும் என்பதை மறக்காதே. பின்விளக்கு பகலிலும் எரியட்டும். மூவரும் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகாமல், ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரை அவ்வப்போது மாற்றிக்கொண்டு போங்கள். பின்னால் வருபவர்களுக்குக் காற்றும் குறையும். பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் வண்ணம் பூசாத வேகத்தடைகள் இருக்கும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நட. டீக்கடையில் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். முகம் சுளிக்காமல் சொல்லிவிடு, பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். உடையைப் பற்றி அம்மா தனியாகப் பேசுவாள். அதில் நான் தலையிடுவதாக இல்லை.

வடுவூருக்கு மட்டும் நானும் வருகிறேன். திருவாரூர்ச் சுற்றுக்கு என் சைக்கிளின் எடையும் என் முழங்காலும் ஒத்துவராது. என்றைக்கு வருகிறீர்கள் என்பதையும், உன் தோழிகள் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார்களா என்பதையும் உடனே தெரிவிக்கச் சொல்லி அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
அப்பா