தனுஷ்கோடி பழைய சர்ச்சின் சுவர்களைக் காப்பாற்றக் கோரி நான்காவது மனு

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

பொருள்: தனுஷ்கோடியில் கைவிடப்பட்டு நிற்கும் பழைய சர்ச்சின் மிச்சச் சுவர்கள் இடிந்துகொண்டே வருவது – முட்டுக்கொடுத்து, காவல் போட்டுப் பாதுகாக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மூன்று மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

வணக்கம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியில் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்து, பிறகு இராமேஸ்வரம் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் சார்பில் இந்த மனுவைப் பணிவோடு சமர்ப்பிக்கிறோம். எழுதுவது நான். கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டி, வலப்பக்கம் அலை மோதும் ஆண் கடலும் இடப்பக்கம் அமைதியான பெண் கடலுமாக அரிச்சல்முனைக்குப் போகும் ரோட்டில் நீங்களே பலமுறை போயிருப்பீர்கள். வருகிற பெரிய மனிதர்களை அந்தச் சர்ச்சுக்குத்தான் முதலில் அழைத்துப் போகிறார்கள். ஸ்டேஷன் சுவர், தண்ணீர்த் தொட்டி, சர்ச். எங்கள் ஊரில் மிச்சமாக நிற்பது இப்படிச் சில இடிபாடுகள்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து ரயில் ஏறியவர்கள் எங்கள் ஊரில் இறங்கி, கப்பல் மாறி, இலங்கையின் தலைமன்னார் போனார்கள். கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். ஒரே இரவில் போனது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், ஏறியிருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அப்புறம் மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் கேட்பது ஏன் இவ்வளவு சின்ன விஷயம் என்பது இதை நினைவில் வைத்தால்தான் புரியும் என்பதால் எழுதினேன்.

எங்கள் கோரிக்கைகள்:

1. சர்ச்சுக்கு ஒரு காவலர் வேண்டும். விடுமுறை நாட்களிலாவது இரண்டு பேர் வேண்டும்.

2. சாய்ந்து நிற்கும் சுவர்களுக்கும் ஜன்னல் வளைவுகளுக்கும் உடனே முட்டுக்கொடுக்க வேண்டும். கீழே விழுந்த கற்களை எண்ணிட்டு, அங்கேயே ஓரிடத்தில் பத்திரமாக அடுக்கி வைக்க வேண்டும். ஏன் கற்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம் என்றால், அது செங்கல் இல்லை ஐயா, முருகைக்கல். கடலுக்கடியில் இருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர். இன்று அந்தக் கல்லை எங்கே போய் வாங்குவீர்கள்? 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சரியான சட்டம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. பாறை இருந்தால்தான் எங்களுக்கு மீன். ஆனால் கடலில் எங்கள் ஆள் ஒரு துண்டை எடுத்தால் கேஸ். அதே கல்லைச் சர்ச் சுவரிலிருந்து பெயர்த்து, ஞாபகத்துக்கு என்று கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறார்கள், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஒரு கல் போனால் அந்த இடத்துக்கு வேறு கல் கிடையாது. போனது போனதுதான்.

முருகைக்கல் முழுக்கச் சின்னச் சின்னத் துவாரம். உப்புக்காற்று அதற்குள் புகுந்து, ஈரம் காய்ந்ததும் உப்பு பூத்து, உள்ளேயிருந்தே கல்லைத் தள்ளும். கையால் தடவினால் மாவு மாதிரி உதிர்கிறது. அப்படி இளகிப்போன சுவரின் மேல்தான் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எடுக்கிற போட்டோவுக்காக ஜோடிகளைக் கூட்டி வந்து, வளைவுக்குள் உட்கார வைக்கிறார்கள். அவர்கள் தலையில் ஒரு கல் விழுந்தால்தான் எல்லோரும் ஓடி வருவீர்களா? மன்னிக்கவும். ஆனால் நாங்கள் பயப்படுவதும் அதற்குத்தான். அப்படி ஒன்று நடந்தால் ஆபத்தான கட்டடம் என்று சொல்லி மிச்சத்தையும் இடித்துவிடுவார்கள்.

3. பீடம் இருக்கும் பகுதியைச் சுற்றிக் கயிறோ கம்பியோ கட்டி, அதன் மேல் யாரும் ஏறாதபடி செய்ய வேண்டும்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். முந்தைய மூன்று மனுக்களிலும் இதை ஒரு வரியில் எழுதினோம். அதனால்தான் யார் மனதிலும் தைக்கவில்லையோ என்று தோன்றுகிறது.

என் அம்மாவுக்குப் புயலின்போது பதினான்கு வயது. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க இராமேஸ்வரத்தில் சித்தி வீட்டுக்கு வந்தவர், மழை பிடித்ததால் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டார். அதனால் பிழைத்தார். அவருடைய அம்மா, அண்ணன், இடுப்பில் தூக்கி வளர்த்த கடைசித் தம்பி, மூன்று பேரும் தனுஷ்கோடியில் இருந்தார்கள். உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எங்களுடைய பல குடும்பங்களில் இதே கதைதான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எல்லா ஊரிலும் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எங்களுக்கு ஏற்றக் கல்லறை எது? கடலில் ஏற்ற முடியுமா? அதனால் அம்மாவும் மற்றவர்களும் அந்தச் சர்ச்சுக்குப் போவார்கள். பாட்டிக்குக் கல்யாணம் மந்திரித்த இடம், மாமாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்று பீடத்தின் முன்னால் மணலைக் குழித்து, காற்று அணைக்காதபடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏற்றுவார்கள். ரோடு இல்லாத காலத்தில் ஜீப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜீப் கிடைக்காவிட்டால் மணலில் நடை.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வயதானவர்கள் வாசலிலேயே இறங்கலாம் என்று நினைத்தோம். கூட்டமும் அதே ரோட்டில்தான் வந்தது. போன கல்லறைத் திருநாளன்று அம்மாவைக் கூட்டிப் போனேன். பீடத்தின் மேல் இரண்டு பேர் செருப்புக் காலோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் சாவியால் கீறிய பெயர்கள், இதயம், அம்பு. உடைந்த பாட்டில். பின்சுவரை ஒதுங்குகிற இடமாக ஆக்கிவிட்டார்கள். நாற்றத்தில் நிற்க முடியவில்லை. அம்மா எதுவும் பேசவில்லை. கொண்டுபோன மெழுகுவத்தியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வண்டியில் ஏறும்போது, "அடுத்த வருஷம் வேண்டாம், வீட்டிலேயே ஏத்திக்கலாம்" என்றார். அறுபது வருடம் புயலுக்கும் தூரத்துக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷி ஐயா அவர்.

வந்தவர்களைத் திட்டி என்ன செய்ய? இது என்ன இடம் என்று சொல்ல அங்கே ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. பார்ப்பவர்களுக்கு அது இடிந்த சுவர். எங்களுக்கு அது கல்லறை. எங்கள் வீட்டுக் கல்லறை. அதன் மேல் ஏறாதீர்கள் என்று தமிழில், ஆங்கிலத்தில், இந்தியில் ஒரு பலகை எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

4. தயவுசெய்து சிமெண்ட் பூச வேண்டாம். பெயிண்ட் அடிக்க வேண்டாம். புதிதாகக் கூரை போட்டுப் புதுச் சர்ச் ஆக்கவும் வேண்டாம். சிமெண்ட் உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும், கல் இன்னும் சீக்கிரம் போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களை வைத்து, நிற்கிறதை நிற்கிறபடி நிறுத்தினால் போதும்.

5. அங்கே சங்கு, சிப்பி விற்கிற கடைக்காரர்களை விரட்டிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று கணக்குக் காட்ட வேண்டாம். யாராவது சுவரில் ஏறினால் இன்று வரை சத்தம் போட்டு இறக்குகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலர் இதே புயலில் தப்பித்தவர்களின் பிள்ளைகள். காவலர் வேலையை அவர்களில் ஒருவருக்கே கொடுக்கலாம்.

6. இது யாருடைய பொறுப்பு என்று முதலில் நீங்கள் முடிவு செய்து எங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

முதல் மனுவுக்கு "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று இன்று வரை தெரியாது. இரண்டாவது மனுவுக்குப் பதிலே இல்லை. மூன்றாவது மனுவை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். ஓர் அலுவலகத்தில் இது எங்கள் வரம்பில் வராது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், சர்ச் எந்த வருடம் கட்டியது, இடம் யார் பெயரில் இருக்கிறது, ஆவணம் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆவணமா? எங்கள் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கடலுக்குள் கிடக்கிறது. வீட்டையே காணோம் என்கிறவனிடம் சாவி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தச் சுவர்தான் ஐயா ஆவணம். அதுதான் கரைந்துகொண்டிருக்கிறது.

முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. பழமையான சின்னங்களைக் காக்க 1966-லேயே நம் மாநிலத்துக்குத் தனிச் சட்டம் போட்டாயிற்று. பாரம்பரியக் கட்டடங்களுக்காக 2012-ல் இன்னொரு சட்டம் வந்தது. கடலோரம், உப்புக்காற்று என்று காரணம் சொல்வீர்களானால், தரங்கம்பாடியில் 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டையும் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறது, அதை அரசாங்கம்தான் பராமரிக்கிறது. இதே தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025-ல் சரணாலயம் அறிவித்தீர்கள். மனதார மகிழ்ந்தோம். வந்து போகிற பறவைக்கு இருக்கிற இடம், வாழ்ந்து செத்த எங்கள் ஆட்களின் நினைவுக்கு இல்லையா?

அந்தப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்து ரயில் விட்டார்கள். கடலுக்கு நடுவில், அந்தக் காலத்து வசதியோடு. இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. ஒரு சுவருக்கு முட்டுக்கொடுக்க எத்தனை நாள் வேண்டும் ஐயா? மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு மனுவுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் போனது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் போய்ப் பார்க்கும்போது சுவர் குறைந்திருக்கிறது.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லது செய்வீர்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் நான்காவது முறை எழுதியிருக்க மாட்டோம்.

வாடைக்காற்று தொடங்கும் முன் முட்டு கொடுங்கள். நிதி, டெண்டர், ஆய்வு எல்லாம் நிதானமாக வரட்டும், அதுவரை தாங்குவதற்குச் சவுக்குக் கம்பு போதும். கம்பும் கயிறும் நாங்களே கொண்டு வருகிறோம், எங்கள் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். எங்கே எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல, விவரம் தெரிந்த ஒருவரை மட்டும் அனுப்புங்கள். அனுமதி இல்லாமல் நாங்கள் கை வைத்தால் அதுவும் குற்றமாகிவிடும் என்பதால்தான் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

நீங்களே ஒருமுறை நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள், கூட்டம் இருக்கும்போது. முன்கூட்டித் தகவல் கொடுத்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வைத்துவிடுவார்கள், அதனால் சொல்லாமல் வாருங்கள். பீடத்துக்குப் பின்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வருகிற நவம்பர் 2-ஆம் தேதிக்குள் பீடத்தைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டித் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். என் அம்மாவை இன்னொரு முறை கூட்டிப் போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தனுஷ்கோடிப் புயலில் உறவுகளை இழந்த குடும்பத்தார்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், சுவர்களின் புகைப்படங்கள், கையெழுத்துப் பட்டியல்.