ரிலே முனைகளில் இன்னும் காட்மியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கழிவு பற்றிய உங்கள் கட்டுரையில், மின், மின்னணுக் கருவிகளில் நச்சுப் பொருள்களுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் ஈயம் கலந்த சால்டர் (பற்றவைக்கும் உலோகக் கலவை) விலகிய கதை நன்றாக வந்திருந்தது. அதே விதியில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காட்மியத்துக்கு விதி வைத்த வரம்பு 0.01 சதவீதம், ஈயத்துக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலே, கான்டாக்டர்களில் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் வெள்ளி முனைகளில் காட்மியம் ஆக்ஸைடு 10 சதவீதத்துக்கு மேலும் இருப்பதுண்டு. மின் முனைகளுக்கு விதிவிலக்கு தந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது: முனைகள் பிரியும்போது எழும் பொறியின் சூட்டில் காட்மியம் ஆக்ஸைடு சிதைந்து ஆவியாகிப் பொறியை அடக்கும், முனைகள் ஒட்டிக்கொள்வதும் குறையும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வெள்ளி–வெள்ளீய ஆக்ஸைடு முனைகள் பல காலமாகச் சந்தையில் இருக்கின்றன. விளக்கு, மின்தேக்கி போல ஆன் செய்த நொடியில் அதிக மின்னோட்டம் இழுக்கும் சுமைகளை அவை நன்றாகவே தாங்குகின்றன. சிக்கல் வேறு இடத்தில். வெள்ளீய ஆக்ஸைடு அவ்வளவு எளிதில் ஆவியாகாது. முனையின் முகப்பிலேயே தேங்கினால் மின்தடை ஏறும், முனை சூடாகும். அதனால் பழைய ரிலேயில் முனையை மட்டும் மாற்றினால் போதாது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் சேர்த்து மாற்றி, மறுபடி சோதிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் அவகாசம் கேட்பது நியாயம்தான். ஆனால் அவகாசத்தைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டே போனால் யார் வடிவமைப்பை மாற்றப் போகிறார்கள்?

பராமரிப்பு வேலையில் கருகிய முனையை உப்புத்தாளால் தேய்த்து, கரும்பொடியை வாயால் ஊதுவது இன்றும் வழக்கம். அந்தப் பொடியில் காட்மியம் இருக்கலாம். அது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். சிறுநீரகத்தில் சேர்ந்து பல வருடங்கள் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை எலும்பு முறிய வைத்த இத்தாய்–இத்தாய் நோய் இதே காட்மியத்தால் வந்ததுதான்.

காட்மிய முனைகள் புழக்கத்தில் இருக்கும்வரை ஒன்றையாவது கட்டாயமாக்கலாம். முனையில் என்ன உலோகம் என்பது சில நிறுவனங்களின் விவரத்தாளில் மட்டும் இருக்கிறது, அதைப் பழுது பார்ப்பவர் பார்ப்பதே இல்லை. ரிலேயின் மேலேயே அச்சிடட்டும். காட்மியம் உள்ள முனையைத் தேய்க்காமல் அப்படியே மாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதோடு வரட்டும். இதைப் பற்றி உங்கள் இதழில் விரிவாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்