அடையாளமும் திட்டத்தில் இடம்பெறட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத் திட்டமிடல் என்றாலே சாலை அகலம், கட்டட உயரம், வாகன நிறுத்தம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு பகுதியில் வாழ்வோர் அதைத் தம்முடையதாக எதனால் உணர்கிறார்கள், அதாவது அப்பகுதியின் அடையாளம் எது என்பதை யாரும் கேட்பதில்லை.

தெருமுனையில் நிற்கும் பழைய மரத்தடியில் முதியவர்கள் அமர்ந்து பேசுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள். வழி கேட்பவருக்கு அதையே அடையாளமாகச் சொல்கிறோம். சாலை விரிவாக்கத்துக்காக அதை வெட்டும்போது கணக்கில் ஒரு மரம் மட்டுமே குறைகிறது. அங்கே அன்றாடம் நிகழ்ந்த சந்திப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வேறெங்கோ பத்துக் கன்றுகளை நடுவது அதற்கு ஈடாகாது.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் 1962-இல் தன் முதன்மைக் கடைத்தெருவில் வாகனங்களை விலக்கியபோது, வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்கள் எதிர்த்தனர். இன்றோ அத்தெருவே அந்நகரின் முகமாக விளங்குகிறது. வரலாற்று நகரப் பகுதிகள் குறித்த யுனெஸ்கோவின் 2011-ஆம் ஆண்டுப் பரிந்துரையும், தனித்த நினைவுச் சின்னங்களைக் கடந்து, திறந்தவெளிகளையும் மக்களின் சமூக, பண்பாட்டு நடைமுறைகளையும் நகரப் பாரம்பரியமாகக் கருதுகிறது.

நுழைவாயிலில் வளைவு கட்டிச் சுவரில் ஓவியம் தீட்டுவதால் மட்டும் அடையாளம் வந்துவிடாது. அழகுபடுத்தியபின் வாடகை உயர்ந்து, நெடுநாள் குடியிருந்தவர்களே வெளியேற நேர்ந்தால், அந்த அழகு யாருக்காக? புதிதாகக் குடியேறுவோருக்கும் அங்கே உரிமையுண்டு என்பதையும் மறக்கலாகாது.

எனவே, வரைவு தயாரான பிறகு பெயரளவில் கருத்துக் கேட்பதை விடுத்து, கோடு போடும் முன்பே திட்ட அலுவலர்கள் பெண்கள், சிறுவர்கள், நடைபாதை வியாபாரிகள் ஆகியோருடன் தெருத்தெருவாக நடந்து, அவர்கள் காக்க விரும்பும் இடங்களைப் பதிவுசெய்து, அப்பட்டியலைத் திட்ட ஆவணத்தோடு இணைத்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்