ஆசிரியருக்கு: அந்த 18 கப் யார் எண்ணினது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா "18 முறை தேசிய சாம்பியன் அலபாமா"ன்னு ஒரே போடா போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அந்த 18 அலபாமா யுனிவர்சிட்டி தானே சொல்லிக்கிற கணக்கு. (நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை மாதிரி பந்தை கையில இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே அது.) அங்க டாப் டிவிஷன் டீம்களுக்கு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டையெல்லாம் கவனிச்சுக்கிற அமைப்பு) இதுவரைக்கும் சாம்பியன்ஷிப்னு ஒண்ணு நடத்தினதே கிடையாது. 1936-லேர்ந்து ஏபி நியூஸ் ஏஜென்சி, பத்திரிகைக்காரங்க ஓட்ட வச்சு ரேங்க் போட்டுச்சு, அது போக ஆளாளுக்கு ஒரு ஃபார்முலா வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரும் ஒரு சாம்பியன் சொன்னாங்க, காலேஜுங்க தங்களுக்குத் தோதானத எடுத்துக்கிச்சு.

1941-ஐயே பாருங்க. ஏபி ஓட்டுல முதல் இடம் ஒரு மேட்சும் தோக்காத மினசோட்டா. அலபாமா மிசிசிபி ஸ்டேட்கிட்டயும் வாண்டர்பில்ட்கிட்டயும் தோத்து 20-வது இடம், பட்டியலே 20 பேரோட முடிஞ்சுது, அதாவது கடைசி. ஆனா 1980-கள்ல யுனிவர்சிட்டி பழைய கணக்கெல்லாம் தூசி தட்டினப்போ, ஏதோ ஒரு ரேங்கிங் சிஸ்டம் அவங்களச் சொல்லியிருந்துச்சுன்னு 1941-ஐயும் கப் கணக்குல சேத்துட்டாங்க. உங்க 18-ல அதுவும் ஒண்ணு.

அதே 1941-ல இன்னொரு டீமும் தோக்காம போய்க்கிட்டிருந்துச்சு, நியூ ஜெர்சி ப்ளெயின்ஃபீல்டு டீச்சர்ஸ் காலேஜ். வாராவாரம் ஸ்கோர் நியூயார்க் டைம்ஸ், ஹெரால்டு ட்ரிப்யூன்லயெல்லாம் வந்துச்சு. ஜானி சங்னு சீன வம்சாவளிப் பையன் ஒருத்தன் ஸ்டார், ஆட்டத்துக்கு நடுவுல சோறு சாப்பிட்டுட்டு வந்து வெளுத்து வாங்குவானாம், சோத்தோட மகிமைய அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான்னு நான் கூட ஒரு நிமிஷம் பெருமைப்பட்டேன். கோச் டபிள்யூ ஃபார்மேஷன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தாராம், அதுல ரெண்டு ஓரத்துல நிக்கிற ஆளுங்க எதிரிக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பாங்களாம். இதையும் ஒருத்தன் டைப் அடிச்சு அச்சுக் கோத்து விட்டிருக்கான், எதிரிக்கு முதுகைக் காட்டிட்டு எப்படிய்யா ஆடறதுன்னு யாரும் கேக்கல.

காலேஜும் இல்ல, டீமும் இல்ல, சங்கும் இல்ல. வால் ஸ்ட்ரீட் ஸ்டாக் புரோக்கர் மாரிஸ் நியூபர்கர்னு ஒரு மனுஷன், பேரே கேள்விப்படாத குட்டிக் காலேஜுங்க ஸ்கோரையெல்லாம் பேப்பர்ல போடறாங்களே, நானும் ஒண்ணு சொன்னா போடுவாங்களான்னு பாக்க பேப்பர் ஆபீசுக்கு போன் அடிச்சாரு, போட்டுட்டாங்க, அவ்ளோதான் மேட்டர். ஃபிலடெல்பியா பேப்பர்களுக்கு அடிக்க ஒரு ஃபிரெண்டு. ஜெர்ரி க்ராய்டன்னு இல்லாத ஒரு பிரஸ் ஏஜென்ட் பேர்ல அறிக்கை வேற. நவம்பர்ல டைம் பத்திரிகை மோப்பம் பிடிச்சதும் மனுஷன் கெஞ்சிப் பாத்தாரு, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, ப்ளாக்போர்டு பவுல்னு பைனலுக்கு வேற போகப்போறோம்னு. விடல. உடனே க்ராய்டன் பேர்ல கடைசி அறிக்கை: சங் உட்பட பசங்க பரீச்சையில ஃபெயிலாயிட்டதால மிச்ச மேட்செல்லாம் ரத்து. இத விட கௌரவமா ஒரு டீமைக் கலைக்க முடியுமா சொல்லுங்க.

எனக்கு இது தெரிஞ்சதே என் மகன் அதே நியூ ஜெர்சியில எடிசன்ங்கிற ஊர்ல இருக்கறதால. ரெண்டு வருஷம் முன்னாடி போயிருந்தப்போ கார்ல ப்ளெயின்ஃபீல்டு கூட்டிட்டுப் போனான், பெரிய பெரிய பழைய மர வீடுங்க, ஸ்பானிஷ்ல போர்டு எழுதின கடைங்க, அதுல ஒண்ணுல காபி குடிச்சோம். காலேஜைக் காட்டுடான்னு கிண்டல் பண்ணினா, நீங்க நின்னுட்டிருக்கிறதுதான் கிரவுண்டுன்னான் பார்க்கிங்ல. பக்கத்து நியூ பிரன்ஸ்விக்லதான் 1869-ல அமெரிக்காவோட முதல் காலேஜ் மேட்ச் நடந்துச்சு, ரட்ஜர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 8-0ன்னு ஜெயிச்சுது. ஆளுக்கு ஒண்ணு. ஆனா பிரின்ஸ்டன் சொல்லிக்கிற 28 பட்டத்துல அந்த 1869-ம் இருக்கு! 2017-ல சென்ட்ரல் ஃபுளோரிடா யுனிவர்சிட்டி 13 மேட்சும் ஜெயிச்சும் பைனல் ரவுண்டுக்குக் கூப்பிடலன்னு தானே சாம்பியன்னு அறிவிச்சு ஊர்வலமே நடத்துச்சு, அவங்க மேல எனக்குக் கோவம் வரல, வயித்தெரிச்சல்ல ஒரு நியாயம் இருந்துச்சு.

அதனால கேக்கறது சின்ன விஷயம்தான், அடுத்த தடவ "என்று அந்த யுனிவர்சிட்டி சொல்லிக்கொள்கிறது"ன்னு நாலு வார்த்தை சேத்துடுங்க.

பேப்பர்காரங்கள மட்டும் குத்தம் சொல்றதா நினைக்காதீங்க, நானும் யோக்கியன் இல்ல. எங்க கடற்கரை ஊர் டோர்னமென்ட் ரிசல்ட்ட 90-கள்ல எஸ்டிடி பூத்துலேர்ந்து ஒரு பேப்பர் ஆபீசுக்குச் சொல்றது நான்தான், மீட்டர் ஓடிட்டே இருக்கும், அந்தப் பக்கம் எழுதிக்கிறவரு "ம், ம், கோல் யாரு?"ம்பாரு. ஒரு செமி பைனல் அன்னிக்கு முழு மேட்சும் பெஞ்சுல உக்காந்திருந்த என் சிநேகிதன் பேரைச் சொல்லிட்டேன், அவனுக்கு அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றதா இருந்துச்சு. மறுநாள் வந்துச்சு, இன்ஷியலோட. அந்த கட்டிங் இன்னிக்கும் அவன் வீட்டு ஹால்ல ஃபிரேம் போட்டு தொங்குது, இப்போ பேரன்கிட்ட அந்த கோல் எப்படிப் போட்டேன்னு காலைத் தூக்கிக் காட்டறான்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
நாகர்கோவில்