அரிஷ்ட பாட்டிலைத் திருப்பி வாங்கிப்போன பிள்ளைக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்த தம்பிகள், நடுராத்திரியில் பனிமூட்டத்துக்குள் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி இறக்கியவர், வார்டில் முறைபோட்டு உட்கார்ந்திருந்த, குடியை விட்டவர்கள் சேர்ந்து கூடும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காரர்கள், வர்க்கியும் சூப்புமாக அனுப்பிக்கொண்டே இருந்த லைன் வீட்டுப் பெண்கள், எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது குன்னூர் நாட்டு மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை.

உடம்பு தேறட்டும் என்று அக்கா ஃபோனிலேயே சொல்லி ஒரு பாட்டில் அரிஷ்டம் வரவழைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் குடிக்கலாம் என்று ஜன்னலோரம் வைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, கடை சாத்தியபிறகு, மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி அந்தப் பிள்ளை வந்து நின்றது.

"தாத்தா, அதைக் குடிச்சிட்டீங்களா?"

இல்லை என்று சொன்னபிறகுதான் குடையை மடக்கியது. பில்லில் என் பேரைப் பார்த்திருக்கிறது. அரிஷ்டம் காட்டாத்திப்பூ போட்டுப் புளிக்க வைக்கிற மருந்தாம். அதில் சாராயம் தானாகவே ஊறும், 5லிருந்து 10 சதவீதம் வரைகூட இருக்கும் என்று லேபிளில் இருந்த பொடி எழுத்தைக் காட்டியது. "இது காய்ச்சின கஷாயம். இதுல அது இல்லீங்க" என்று வேறு பாட்டிலை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டது.

உனக்கு எப்படிம்மா என்னைத் தெரியும் என்றேன்.

"எங்கப்பா ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வர்றாருங்க தாத்தா. ராத்திரி வீட்ல இப்ப எல்லாரும் தூங்கறோம்."

அப்பா பேரை நான் கேட்கவில்லை. அது நம் வழக்கமும் இல்லை.

நான் கடைசியாகக் குடித்தது 2002இல், 46 வயதில். குளிருக்கு ஒரு கட்டிங் போடாமல் மலையில் பிழைக்க முடியாது என்று நம்பியிருந்த காலம். அடுத்த வருஷமே டாஸ்மாக் கடைகள் வந்தன. அதன்பிறகு வந்த குளிருக்கெல்லாம் ஸ்வெட்டரும் சுக்குக் காபியும் போதுமாக இருந்தன. வயதாவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று என் கை நடுங்கினால் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளிவார்கள். இன்று நடுங்கினால் பேரன் ஓடிவந்து டம்ளரைப் பிடித்துக்கொள்கிறான். அன்று ஒரு ராத்திரி முழுக்க மறந்துபோகும். இன்று மறப்பது மூக்குக்கண்ணாடியை வைத்த இடம்தான். அதையும் வீடே சேர்ந்து தேடிக் கொடுக்கிறது.

மருந்தை மாற்றித் தந்த பிள்ளையே, கஷாயம் கசக்கிறதம்மா. இரண்டு வேளையும் விடாமல் குடிக்கிறேன்.

கூட்டத்துக்காரர்களுக்கு ஒன்று. டீ போடும் பொறுப்பை யாருக்கும் மாற்றிவிட வேண்டாம். டாக்டர் இன்னும் மூன்று வாரம் என்கிறார். நாலாவது ஞாயிறு நான் வந்துவிடுவேன், இஞ்சி மட்டும் வாங்கி வையுங்கள்.