ஷட்டரில் மிஞ்சிய ஸ்டிக்கர்

ஆசிரியருக்கு,

திண்டுக்கல்லில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஏர்செல், டோகோமோ, யூனினார் என்று ஒரு காலத்தில் ஷட்டர் முழுக்க ஸ்டிக்கர். வெயிலில் வெளுத்த ஏர்செல் மட்டும் இன்னும் உரிபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பெனிகள் போனதோடு போட்டியும் சுருங்கிவிட்டது. ஒரு சந்தையில் போட்டி எவ்வளவு என்று அளக்க ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைச் சதவீதத்தையும் வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேர் சமமாகப் பிரித்தால் 1000. அமெரிக்காவில் 1800-ஐத் தாண்டினாலே சிலர் கையில் குவிந்த சந்தை என்கிறார்கள். நம் செல்போன் சேவைக்குக் கடைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 3000-க்கு மேல் வருகிறது!

2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் இரண்டே நாளில் கட்டணத்தை ஏற்றின. "வேற கம்பெனி இல்லையாப்பா?" என்று கேட்ட பாட்டிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் மாதாந்திர சந்தாதாரர் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இந்தக் குறியீட்டு எண்ணைப் போடட்டும்.

ரீசார்ஜ் கடைக்காரர், திண்டுக்கல்