செம்மஞ்சள் சட்டை நாளுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்பானவர்களே,

செப்டம்பர் 30 முடிந்து ஒரு கிழமை ஆகிவிட்டது. மண்டபத்துக் கதிரைகளை அடுக்கியாயிற்று, இரவல் வாங்கிய தேநீர்ப் பானையையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நன்றி மட்டும் இன்னும் சொல்லி முடியவில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு, செம்மஞ்சள் சட்டை நாளன்றே வரும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளை இந்த முறைதான் முதன்முதலாக நடத்தினோம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளை நினைவுகூரும் நாள் அது.

முதல் நன்றி, சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிச் சமூகத்திலிருந்து வந்த அம்மம்மாவுக்கு. அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டதும் சரி என்று சிரித்தீர்கள். பூர்வகுடிப் பெண்ணான ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டின் கதையை நான் தமிழில் வாசித்தேன். 1973இல் அவருக்கு ஆறு வயது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் அருகே இருந்த வதிவிடப் பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போக அவருடைய அம்மம்மா பளபளவென்று ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். முன்பக்கம் நாடா கோர்த்த சட்டை. போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். "பிறகு திருப்பிக் குடுத்தவையோ?" என்று முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவன் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள்தான் "இல்லை, மகன்" என்றீர்கள். பிறகு, உங்கள் பாடசாலையில் உங்களுக்குப் பெயருக்குப் பதிலாக வைத்திருந்த எண்ணைச் சொன்னீர்கள். சொந்த மொழியில் ஒரு சொல் பேசியதற்காக வாயில் சவர்க்காரம் திணித்ததைச் சொன்னீர்கள். மொழிபெயர்த்த தங்கை அந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தார். அவருக்கும் நன்றி.

அதே நாட்டில்தான் நாங்கள் சனிக்கிழமை தோறும் ஒரு தடையுமில்லாமல் அ, ஆ சொல்லிக் கொடுக்கிறோம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கடையில் நாடா வைத்த சட்டை கிடைக்கவில்லை என்று, முப்பது சட்டைகளிலும் கையாலேயே துளை போட்டு நாடா கோர்த்துத் தந்த அம்மம்மாமார், அப்பம்மாமார், கடலை அவித்தவர்கள், வேலையிடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு வாங்கி வந்த அப்பாமார், எல்லோருக்கும் நன்றி. ஒன்ராறியோவில் இந்த நாள் இன்னும் எல்லோருக்கும் விடுமுறை இல்லை. ஆகவே அந்த அரைநாள் எங்களுக்குப் பெரிது.

இன்னொரு நன்றி, இந்த மடலை ஒருநாளும் வாசிக்கப் போகாதவர்களுக்கு. 2013இல் வில்லியம்ஸ் லேக்கில் செம்மஞ்சள் சட்டை நாளைத் தொடங்கிய ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டுக்கும் அவரோடு நின்றவர்களுக்கும். இந்தப் பாடசாலைகளில் நடந்ததை விசாரித்த, மறைந்த மரே சின்கிளேர் தலைமை தாங்கிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வந்து, மூடியிருந்த காயத்தைத் தாங்களே திறந்து காட்டிய ஆயிரக்கணக்கானவர்களுக்கும். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் அந்தப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது இன்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்றால் அது அவர்களால்தான். 2015இல் ஆணைக்குழு முன்வைத்த, செயலில் இறங்கச் சொல்லும் 94 அழைப்புகளில் 80ஆவது, இப்படி ஒரு நாள் வேண்டும் என்று கேட்டது. அதற்காக நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜோர்ஜினா ஜோலிபுவா கொண்டுவந்த மசோதா 2019இல் செனட் சபையிலேயே நின்றுபோனது. 2021 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸிலிருந்து செய்தி வந்தது: பழைய வதிவிடப் பாடசாலை வளவில், நிலத்தடி ராடர் சோதனையில், பிள்ளைகளின் புதைகுழிகளாக இருக்கலாம் என்ற தடயங்கள். ஒரு கிழமையில், ஜூன் 3ஆம் திகதி, இந்த நாளுக்கான சட்டம் வந்துவிட்டது. உயிரோடு இருந்தவர்கள் அத்தனை வருடம் சொன்னபோது வராத அவசரம். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை. அப்படியிருந்தும் சொல்வதை விடாதவர்களுக்குத்தான் இந்த நன்றி.

அம்மம்மா, புறப்படும்போது அந்தச் சின்னவன் உங்கள் பெயரைக் கேட்டு, தமிழில் எழுதித் தந்தானே, நீங்களும் மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். அதில் ஓர் எழுத்துப் பிழையாம். அடுத்த வருடம் வரும்போது கொண்டுவரட்டாம், திருத்தித் தருவானாம்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை, பிள்ளைகள் சார்பில்